'உறைபனிக்கு முன் வீட்டுக்குள் விதைக்கவும்': மலாக்காவில் அது எந்தத் தேதி?

இணையத்தில் வாங்கிய தக்காளி விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு குறிப்பு இருக்கும்: கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் வீட்டுக்குள் விதைக்கவும். மலாக்காவில்தான் உறைபனியே கிடையாதே, அப்போ எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

இந்தக் குறிப்பு யாருக்கு எழுதியது என்று முதலில் பார்ப்போம். டொரோண்டோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மே மாதத் தொடக்கத்தில்கூட இரவில் பனி உறையலாம். ஒரே ராத்திரியில் தக்காளி நாற்று கருகிவிடும். அக்டோபரில் மறுபடியும் குளிர். நடுவில் கிடைக்கும் ஐந்து மாதத்தில் விதை போட்டு, வளர்த்து, காய் பறிக்க நேரம் பத்தாது. அதனால் மார்ச் கடைசியிலேயே ஜன்னலோரத்தில் விதைத்து, மே நடுவில் வெளியே நடுகிறார்கள். மிளகாய்க்கு இன்னும் முன்னாடி, 8 முதல் 10 வாரம். பீன்ஸ், கேரட் எல்லாம் நேராக மண்ணுக்கே போகும்.

குறுகிய கோடையை நீட்டிக்கொள்ளத்தான் இவ்வளவு பாடு. மலாக்காவில் வருஷம் முழுக்க ஏறக்குறைய 23 முதல் 33 டிகிரி. நீட்ட வேண்டிய தேவையே இல்லை.

சரி, பாட்டி சொல்லும் 'ஆடிப் பட்டம் தேடி விதை'? அதுவும் வேறு ஊர்க் கணக்குதான். ஆடியில் விதைத்த பயிருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கிடைக்கும் என்பது தமிழ்நாட்டு நிலவரம்.

மழையை வைத்து எண்ணுங்கள்

மலாக்காவில் மழை குறைவான மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. தைப்பூசம், மாசி மகம் வரும் சமயம். ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். வறட்சியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1991-ல் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்காவில் தண்ணீர் பங்கீடு நடந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் தாராளமாக இருந்தால் டிசம்பர் நடுவில் மிளகாய் விதையுங்கள். 4, 5 வாரத்தில் நாற்று தயார். பெருமழை ஓய்ந்த ஜனவரியில் நட்டால் வேர் அழுகாது. மழையை நம்பித்தான் தோட்டம் என்றால் பிப்ரவரி கடைசியில் விதைத்து, மழை திரும்பும்போது நடுவது நல்லது. கத்தரிக்கும் இதே கணக்குதான். வெண்டை, பயிற்றங்காய், கங்கோங் ஆகியவற்றை நேராக மண்ணில் போடலாம், நாற்றே வேண்டாம்.

இங்கே நாற்றுக்கு எதிரி குளிர் அல்ல, அடைமழையும் உச்சி வெயிலும்தான். அதனால் அறைக்குள் வைக்க வேண்டாம். வெளிச்சம் பத்தாமல் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். ஐந்தடியில் (லயத்து வீட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்) ஒளி ஊடுருவும் கூரைக்குக் கீழே வையுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டுங்கள்.

தேதியை மாற்றினாலும் சரிவராத விதைகளும் உண்டு. பெரிய தக்காளி ரகங்கள் பல, இரவு வெப்பம் குறையாவிட்டால் பூத்துப் பூத்து உதிரும், காய் பிடிக்காது. கேமரன் மலையில் தக்காளி செழிப்பதற்கு அந்தக் குளிர்ந்த இரவும் ஒரு காரணம். குளிர்நாட்டு வெங்காய ரகங்கள் கிழங்கு வைக்க 14 மணி நேரத்துக்கும் மேல் பகல் வேண்டும். நமக்கு வருஷம் பூரா சுமார் 12 மணி நேரம்தான். எத்தனை முறை போட்டாலும் தாள்தான் மிஞ்சும். தப்பு உங்கள் மேல் இல்லை.

லெட்டூஸ் விதை 30 டிகிரியை நெருங்கினாலே முளைக்க மறுக்கும். ஈர டிஷ்யூவில் சுற்றி 2, 3 நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பிறகு விதைத்துப் பாருங்கள். மிச்ச விதைகளையும் காற்றுப் புகாத போத்தலில் அங்கேயே வைக்கலாம். நம்ம ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் கிடந்தால் சீக்கிரமே முளைப்புத்திறன் போய்விடும்.