இரவில் நான்கு முறை எழும் அப்பா

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குக் கார் கிளம்பினால் ஒவ்வோர் ஆர் அண்ட் ஆரிலும் நிறுத்தச் சொல்லும் அப்பாக்கள் பல வீடுகளில் உண்டு. இரவிலும் மூன்று, நான்கு முறை எழுவார்கள். கேட்டால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். வீட்டாரும் இனிப்புநீர்தான் காரணம் என்று இருந்துவிடுவார்கள்.

இனிப்புநீரும் காரணமாகலாம், ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ஆனால், சிறுநீர் வரத் தாமதம், மெலிந்த தாரை, முடித்த பிறகும் சொட்டுவது, இன்னும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு ஆகியவையும் சேர்ந்திருந்தால் புரோஸ்டேட் வீக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

புரோஸ்டேட், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள சுரப்பி. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்குகிறது. 60 வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இந்த வீக்கம் இருக்கும். இது புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால், மருத்துவர் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுவார்.

தொந்தரவு குறைவாக இருந்தால் மருந்தே வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் குடிக்கும் கோப்பியையும் தே தாரிக்கையும் விட்டாலே பலருக்குத் தூக்கம் திரும்பும்.

அடுத்த படி மாத்திரை. டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்திச் சில நாள்களிலேயே பலன் தரும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். கண்புரை அறுவைக்குப் போவதாக இருந்தால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஃபினாஸ்டெரைடு வகை சுரப்பியையே சுருக்கும். அதற்கு ஆறு மாதம்வரை ஆகும். இரண்டாம் மாதமே "கேட்கவில்லை" என்று நிறுத்திவிட்டால் பலன் எப்படித் தெரியும்? இது பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதிக்கும் மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை போதாதபோது அறுவைச் சிகிச்சை. வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையை மின்சாரத்தாலோ லேசராலோ அகற்றுகிறார்கள்.

ஆண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: தாம்பத்தியம் பாதிக்குமா? விறைப்பு பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் பலருக்கு விந்து வெளியேறாமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. பிள்ளைப்பேறு வேண்டுவோர் மட்டும் முன்பே யோசிக்க வேண்டும். இதைத் தவிர்க்க நினைப்போருக்கு, சதையை இழுத்துக் கட்டும் யூரோலிஃப்ட், நீராவியால் சுருக்கும் ரீசூம் போன்ற முறைகள் வந்துள்ளன. எல்லா அளவு வீக்கத்துக்கும் அவை பொருந்தா; பின்னாளில் மறுசிகிச்சை தேவைப்படலாம்.

சளிக்கு மருந்தகத்தில் வாங்கும் மாத்திரையிலும் கவனம் வேண்டும். மூக்கடைப்பை நீக்கும் சில மருந்துகள், புரோஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரையே அடைத்துவிடும். அடிவயிறு உப்பி வலிக்க, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குழாய் பொருத்திச் சிறுநீரை வெளியேற்றினால் வலி உடனே தணியும்.