பட்டறையிலிருந்து சந்தைக்கு – 17: டீ கவுண்டர் நண்பர்கள்

கோவை கொடிசியா வளாகத்தில் இன்டெக் கண்காட்சி நடந்தால் நான் முதலில் போய் நிற்கும் இடம் டீ கவுண்டர். குறிச்சி சிட்கோ பக்கம் அடுத்தடுத்துப் பட்டறை வைத்திருக்கும் நாலைந்து பேராவது அங்கே இருப்பார்கள். தினமும் காலையில் ஒரே பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள். ஊரைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தும் அதே ஆட்களோடு அதே டீ. பேச்சும் மாறியிருக்காது: இரும்பு விலை, வராத பேமென்ட், சொல்லாமல் நின்றுபோன ஆபரேட்டர்.

"ஸ்டால் எல்லாம் பார்த்தாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு ரவுண்டு போனோமுங்க. எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானுங்க" என்றார் ஒருவர். கையில் கேட்லாக் நிரம்பிய பை. சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு கட்டு. அச்சகத்தில் போட்ட ரப்பர் பேண்ட் இன்னும் அவிழவில்லை.

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. புத்தக வெளியீட்டு விழாக்களில் நானும் தெரிந்த முகமாகப் பார்த்து ஒதுங்குகிற ஆள்தான். இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு என்பதற்கு நியூயார்க்கில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்கிராமும் மைக்கேல் மோரிஸும் ஏறக்குறைய நூறு நிர்வாகிகளை ஒரு மாலை விருந்துக்கு அழைத்தார்கள். யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று பதிவு செய்யும் மின்னணுப் பட்டை ஒன்றை ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டார்கள். புது ஆட்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று பெரும்பாலோர் விருந்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். உள்ளே வந்ததும் பழைய நண்பர்களிடமே போய்ச் சேர்ந்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வு இது. நம் டீ கவுண்டரில் பட்டை எதுவும் மாட்ட வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தாலே போதும்.

பழகியவர்களோடு நிற்பதில் என்ன நஷ்டம்? பக்கத்துப் பட்டறைக்காரருக்குத் தெரிந்த பார்ட்டி உங்களுக்கும் தெரிந்த பார்ட்டிதான். சொல்லப்போனால் அந்த ஆர்டருக்கு அவரும் கொட்டேஷன் கொடுத்திருப்பார். புதுச் சேதி எப்போதாவது பார்க்கிற ஆளிடமிருந்துதான் வரும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இதைக் கணக்கோடு காட்டினார். பாஸ்டன் பக்கத்து நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறியவர்களிடம், அந்தத் 'தெரிந்தவரை' எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்கூடத் தேறவில்லை. எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் பாதிக்கும் மேல். மீதி, கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலானவர்கள், வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம்.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலைப் பற்றிப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தவர் உறவுக்குள்ளேயே முதல் புரட்ட முடிந்ததால் பெரிதாகத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலில் இறங்கினாலும் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் ஏற்றுமதியில் அவர்களை முந்தினார்கள். ஆய்வு பேசியது முதலீட்டைப் பற்றி. நான் அதில் படித்துக்கொண்டது இன்னொன்று: அவசரத்துக்குப் பணம் கொடுக்கச் சொந்தபந்தம் உதவும், ஆர்டர் பிடிக்க அது மட்டும் போதாது.

சரி, டீயை முடித்துவிட்டு உள்ளே போவோம்.

ஜாப் ஒர்க் தேடி வருகிற பட்டறைக்காரர் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்டாலில் நிற்கிறவரிடமே தன் வேலையை விற்கப் பார்ப்பார். அந்த மனிதரோ தன் மெஷினை விற்க வந்தவர். காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறவர். அவரிடம் போய் "எங்ககிட்ட சிஎன்சி இருக்குங்க, எல்லா வேலையும் பண்ணுவோமுங்க" என்றால், சிரித்தபடி கார்டை வாங்கி மேசை மேல் உள்ள டப்பாவில் போடுவார். அந்த டப்பாக்களை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். மிட்டாய்த் தாளும் கார்டும் கலந்து கிடக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியது வேறு. மெஷினைச் சுற்றிப் பாருங்கள். உங்களால் செய்ய முடிந்த ஒரு பாகத்தைக் கை காட்டி, "இதை வெளியே கொடுத்துத்தான் செய்றீங்களா சார்? பர்ச்சேஸ்ல இதை யார் பார்க்கிறாங்க?" என்று கேளுங்கள். ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் கிடைத்தால் அந்த ஸ்டாலில் உங்கள் வேலை முடிந்தது. தொடக்க விழா நாளில் இதைச் செய்யாதீர்கள். வரவேற்பதிலேயே அவர்கள் பாதி உயிர் போய்விடும். கூட்டம் ஏறாத காலை நேரம்தான் தோது.

அந்த 'எல்லா வேலையும் பண்ணுவோம்' இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கேட்டவர் மனதில் எதுவும் ஒட்டாது. "வார்ப்பிரும்பு பம்ப் கேசிங், 300 மில்லிமீட்டர் விட்டம் வரைக்கும் கடைஞ்சு தர்றோம், மாசம் 400 பீஸ்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் கேசிங் நேரத்துக்கு வரவில்லை என்று அவரிடம் புலம்பும்போது உங்கள் முகம் ஞாபகத்துக்கு வரும்.

வாங்குகிறவரையே நேரில் பிடிக்க ஆசைப்பட்டால், ஒன்றிய அரசின் எம்எஸ்எம்இ அலுவலகங்கள் நடத்தும் 'வெண்டார் டெவலப்மென்ட் புரோகிராம்' கூட்டங்களுக்குப் போங்கள். பெயர்தான் பயமுறுத்தும். பொதுத்துறை நிறுவனங்களிலிருந்து கொள்முதல் பார்க்கிறவர்கள் வந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் இடம் அது. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-இல் கொள்கை வந்தது. 2018-இல் அது 25 சதவீதமானது; அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. ஆக, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் உங்களைப் போன்ற ஒருவரைத் தேட வேண்டிய கட்டாயம் இருக்கிறது. கூச்சப்படாமல் பேசலாம். உத்யம் சான்றிதழ் நகல் பையில் இருக்கட்டும்.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளவென்று லேமினேஷன் செய்து அடிக்காதீர்கள். பேனா அதில் வழுக்கும். கார்டின் முதுகு எழுதுவதற்கு. வாங்கிய கார்டின் பின்னால் எங்கே பார்த்தோம், என்ன பேசினோம், என்ன அனுப்புவதாகச் சொன்னோம் என்று அங்கேயே குறித்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால், நாற்பது கார்டும் நாற்பது அந்நியர்களாகிவிடும். சொன்னதை மறுநாளே அனுப்புங்கள். டிராயிங்கோ, சாம்பிளோ, வேறொருவர் நம்பரோ. தினமும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு 'குட் மார்னிங்' அனுப்புவது தொடர்பில் இருப்பதாகாது. அனுப்புகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது தெரியும்.

உங்கள் மேசை டிராயரிலும் ஒரு பழைய கார்டு கட்டு இருக்கும். அதில் கடைசியாக எப்போது பேசினோம் என்றே நினைவில்லாத ஒருவர் இருப்பார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேல் அவரைக் கூப்பிடுங்கள். ஆர்டர் எதுவும் கேட்க வேண்டாம். இப்போது அங்கே என்ன வேலை ஓடுகிறது என்று மட்டும் விசாரியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)