கனிக்கு ஒரு கைப்பின்னல் உறை



காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் பையில் ஒரு கொய்யாப்பழத்தை ஆசையோடு வைத்து அனுப்புகிறீர்கள். இடைவேளை மணி அடிப்பதற்குள் அந்தப் பழம் என்ன கதிக்கு ஆளாகிறது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். மேலே கணக்குப் புத்தகம், கீழே தண்ணீர் பாட்டில், நடுவே நசுங்கிய பழம். வாழைப்பழமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நோட்டின் நான்கு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை அதைத் தொடாமலே எறிந்துவிட்டு, வாசலில் விற்கும் மசாலாப் பொட்டலம் ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புகிறது. காசும் போயிற்று; கனியும் போயிற்று.

இந்தச் சிறு தொல்லைக்கு ஒரு சிறு பரிகாரம் உண்டு. ஒரே ஒரு பழம் அடங்கும் அளவில், பருத்தி நூலால் பின்னப்பட்ட உறைதான் அது. மேலை நாடுகளில் கைவேலையில் ஆர்வமுள்ள பெண்கள் ஆப்பிளுக்கும் வாழைப்பழத்திற்கும் இத்தகைய உறைகளைப் பின்னி, மேலே ஒரு பொத்தானும் வைத்துப் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்புகிறார்கள். "பழத்திற்குச் சட்டையா?" என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதன் பயனையும் அதன் பின்னால் உள்ள உழைப்பையும் சற்று எண்ணிப் பார்த்தால், இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று என்பது விளங்கும்.

நமக்குத் தெரிந்த வேலைதான்

இதற்குரிய கலை குரோஷா எனப்படும். நுனியில் கொக்கி போல வளைந்த ஒரே ஊசியைக் கொண்டு, கண்ணிக்குள் கண்ணியாக நூலை இழுத்துப் பின்னுவது. கையால் பின்னிய வெள்ளை நூல் தொப்பி ஒன்றை எடுத்துக் கூர்ந்து பாருங்கள். உச்சியில் ஒரு சிறு வளையம். அதிலிருந்து சுற்றுச் சுற்றாக வட்டம் விரிகிறது. தலையளவு வந்ததும் விரிவு நின்று, பின்னல் நேராகக் கீழே இறங்குகிறது. ஆப்பிள் உறையின் அமைப்பும் அதுவே, அளவுதான் சிறிது. பால் குவளையின் மீது, ஓரத்தில் பாசிமணி கோத்துப் போடும் வலைமூடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே தொப்பி பின்னத் தெரிந்த பாட்டியோ பெரியம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார் என்று பொருள்.

நூலுக்கும் நாம் அலைய வேண்டியதில்லை. மதுரைக்கும் நூலுக்கும் உள்ள உறவு நெடியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நிறுவிய பஞ்சாலை, 1974இல் மதுரா கோட்ஸ் என்று பெயர் பெற்றது. வைகையின் வடகரையில் உள்ள செல்லூரோ தறிகளின் ஊர். கைத்தறியும் விசைத்தறியும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். தறிவேலை நடக்கும் வீடுகளில் பாவிலும் கண்டிலும் மிஞ்சுகின்ற துண்டு நூல் இருக்கும். நெசவு நூல் மெல்லியது. எனினும் ஐந்தாறு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் உறைக்கு ஏற்ற கனம் கிடைத்துவிடும்.

பழம் ஏன் கன்றுகிறது?

பழத்தின் சதை எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. அடியோ அழுத்தமோ படும்பொழுது அந்த அறைகளின் சுவர் உடைகிறது. தனித்தனியே இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்கிறது. பழத்திலேயே உள்ள ஒரு நொதி அங்கே வேலை செய்யத் தொடங்க, அந்த இடம் பழுப்பு நிறமாகிறது. இதையே நாம் கன்றிப்போதல் என்கிறோம். தோல் கிழிந்துவிட்டால் அந்த வழியே பூஞ்சையும் நுழைந்துவிடும்.

தீங்கு அத்துடன் நிற்பதில்லை. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, ஆப்பிள் போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அடிபட்ட பழம் அதை மிகுதியாக வெளியிட்டு, அருகில் இருக்கும் பழங்களையும் விரைந்து பழுக்க வைக்கிறது. கூடையில் ஒன்று கெட்டால் மற்றவையும் கெடும் என்று நம் பெரியவர்கள் கண்டறிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மாம்பழக் கூடையில் வைக்கோல் பரப்புவது இதைத் தடுக்கத்தான். இன்று அந்த வைக்கோலின் இடத்தை, ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி ஆகியவற்றின் மீது மாட்டப்படும் மெத்தென்ற வெள்ளை வலை பிடித்துக்கொண்டது. அது பாலித்தீனை நுரைக்கச் செய்து உருவாக்கப்படும் பொருள். அடியைத் தாங்குவதில் அது கெட்டிக்காரப் பொருள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. பழத்தை எடுத்ததும் குப்பைக்குப் போகிறது. குப்பை வண்டிக்குத் தப்பியது சாக்கடைக்குப் போகிறது. 2024 அக்டோபர் இறுதியில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் பெருகி, பந்தல்குடிக் கால்வாயை ஒட்டிய தெருக்களில் வெள்ளம் புகுந்ததை மதுரை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் ஓட வேண்டிய வழியில் மக்காத பொருள் ஒன்றுகூடச் சேராமல் பார்த்துக்கொள்வது அத்தெருக்களில் வாழ்வோரின் வீட்டுக் காரியம்.

தமிழக அரசு 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கடைக்குத் துணிப்பை கொண்டு போகும் நாம், அந்தப் பைக்குள் போகும் பழத்திற்கும் ஒரு நூலுறையைக் கொண்டு போகலாம் அல்லவா? பருத்தி உறையைத் துவைக்கலாம், பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். நைந்துபோனால் மண்ணோடு மக்கிவிடும்.

பின்னும் முறை

நடுத்தரக் கனமுள்ள பருத்தி நூலும் 3 மில்லிமீட்டர் குரோஷா ஊசியும் போதும். உல்லன் என்ற பெயரில் விற்கும் செயற்கை நூல் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சாது. சாய நூலாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் உணவுப் பொருளுக்கு ஆகாது.

முதலில் 6 சங்கிலிக் கண்ணிகள் போட்டு வளையமாக இணையுங்கள். முதல் சுற்றில், ஊசியில் நூலை ஒரு முறை சுற்றி எடுக்கும் நெட்டைப் பின்னல்கள் 12 இடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டாக 24. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டாக 36. இப்பொழுது உள்ளங்கையளவு வட்டம் கிடைக்கும். அதுவே உறையின் அடிப்பகுதி. பழம் அதிகம் அடிபடும் இடமும் அதுவே. ஆகையால் அங்கே இடைவெளி கூடாது.

இனிக் கண்ணிகளைக் கூட்ட வேண்டாம். ஒரு நெட்டைப் பின்னல், ஒரு சங்கிலி, அடியில் ஒரு கண்ணியை விட்டுவிட்டு மீண்டும் ஒரு நெட்டைப் பின்னல் என்று ஐந்து அல்லது ஆறு சுற்றுகள் மேலேறுங்கள். பக்கச் சுவர் வலைபோல் நெகிழ்ந்து கொடுக்கும். பழம் விடும் ஈரமும் வாயுவும் அதன் வழியே வெளியேறும். பழத்தை அவ்வப்போது உள்ளே வைத்து அளவு பாருங்கள். உறை பழத்தைவிடச் சற்றே சிறியதாக இருந்தால்தான் இழுபட்டு இறுகப் பிடிக்கும். கடைசிச் சுற்றின் இடைவெளிகளில் ஒரு சங்கிலிக் கயிற்றைக் கோத்து வாயைச் சுருக்கிவிடுங்கள். வாழைப்பழத்திற்கு வட்டத்தை 24 கண்ணிகளோடு நிறுத்தி, நீண்ட குழல்போல் பின்ன வேண்டும்.

வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். பழச்சாறு பட்டால் அன்றே அலசிவிட வேண்டும். இல்லையேல் எறும்பும் பூஞ்சையும் குடியேறிவிடும்.

இதனால் ஆகாதவை

எந்தப் பொருளையும் அதன் எல்லையறிந்து பயன்படுத்துவதே நன்று. சிலர் இதே உறையை வீட்டுக் கொய்யா மரத்திலுள்ள காய்களுக்கு மாட்டிவிடலாம் என்று நினைக்கக்கூடும். அது பயன் தராது. பழ ஈ காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவது. வலையின் இடைவெளி அதற்குத் திறந்த கதவு போன்றது. மழையில் நனைந்த பருத்தி, காயை அழுகவும் வைக்கும். மரத்திலுள்ள காய்க்குக் காகித உறையே பொருத்தம். ஜப்பானில் ஆப்பிள், பீச் ஆகியவற்றைக் காகித உறையிட்டு வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நூலுறை பறித்த பழத்திற்கு, அதுவும் பயணத்திற்கு மட்டுமே. பழம் பழுப்பதை அது நிறுத்தாது. அடியை மட்டுமே தாங்கும்.

விற்கப் புறப்படுமுன்

கைப்பழக்கம் வந்ததும் அடுத்து எழும் கேள்வி, "இதை விற்றால் என்ன?" என்பதே. விற்கலாம், தவறில்லை. ஆனால் அதற்குமுன் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி, தம் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது திண்டில் குண்டூசிகளைக் குத்திப் பின்னும் வேறு வகை லேஸ். எனினும் நாம் கவனிக்க வேண்டியது அதன் விளைவை. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று அந்த மிஷனின் வரலாறு கூறுகிறது. கூலி அவர்கள் கையில் வந்ததால் அது நடந்தது.

இதற்கு மாறான கதை ஆந்திராவின் நரசாபூரில் நடந்தது. அங்கே ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தபடியே குரோஷா லேஸ் பின்னினார்கள். அது கடல் கடந்து விற்பனையாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களிடையே ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். சமையல், துப்புரவு, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றுக்கு மேல் நாளெல்லாம் பின்னிய அப்பெண்களை, வணிகர்கள் தொழிலாளர்களாகவே கருதவில்லை. ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்றே கருதினார்கள். ஓய்வுக்குக் கூலி எதற்கு என்ற எண்ணத்தால் கூலியும் அற்பமாகவே இருந்தது. 2024இல் நரசாபூர்க் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. பின்னுகிறவளின் நேரத்திற்கும் அது வரவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. உண்மையான குரோஷாவை முழுமையாகப் பின்னும் இயந்திரம் இன்றளவும் வழக்கில் இல்லை. கடையில் தொங்கும் குரோஷாப் பொருள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியதே.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். ஓர் உறைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி 30 ரூபாய் தருகிறார். நூலுக்கு 10 ரூபாய் போக மீதி 20 ரூபாய். அதாவது மணிக்குச் சுமார் 13 ரூபாய். எட்டு மணி நேரம் கண் வலிக்கப் பின்னினாலும் 107 ரூபாயைத் தாண்டாது. "சும்மா இருக்கும் நேரத்தில்தானே செய்கிறாய்" என்று வீட்டார் சொல்லக்கூடும். சும்மா இருக்கும் நேரம் என்று ஒரு பெண்ணுக்கு எது என்பதை அவர்களையே கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் மற்ற கூலித் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கையே நிறைவேற்றியிருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கும் உறவுக்கும் பின்னும்போது கணக்குப் பார்க்க வேண்டாம். அது அன்பின் வேலை. விற்பனைக்குப் பின்னும்போது கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். முடித்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பத்து உறைகளுக்குக் குறித்தால் சராசரி தெரிந்துவிடும். பிறகு வியாபாரியிடம் நான்கு செய்திகளைக் கேளுங்கள்: நூல் யாருடையது? ஒன்றுக்கு எவ்வளவு? பணம் எந்த நாளில் கைக்கு வரும்? பழுது என்று திருப்பினால் அதற்குரிய நூலுக்கும் நேரத்திற்கும் யார் பொறுப்பு? நான்கிற்கும் தெளிவான விடை வராவிட்டால் ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள். இடைத்தரகர் இன்றி, பழக்கடைக்காரரிடமோ பள்ளி வாசலில் பெற்றோரிடமோ நேரில் விற்க முடியுமா என்று முயன்று பாருங்கள்.

எந்தக் காரணத்திற்காகவும் இந்த வேலைக்கென்று பெண்பிள்ளையின் பள்ளிப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். பழத்தைக் காக்கும் கை, தன்னையும் காத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.