கோழி கட்டும் சுண்ணாம்புச் சுவர்

சேலம் மாவட்டத்தில் இருந்து 1997-ல் பிரிந்த நாமக்கல்லுக்கு முட்டையால்தான் பெயர். அங்கிருந்து லாரி லாரியாக முட்டை போகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்கி, கேரளா வரை போய்ச் சேருகிறது. வழியில் உடையாமல் காப்பது எது? ஒரு மெல்லிய ஓடு. அதன் தடிப்பு அரை மில்லி மீட்டர் கூட இல்லை!

20 மணி நேர வேலை

மஞ்சள் கரு சினைப்பையை விட்டு இறங்கியது முதல் முட்டை வெளியே வரும் வரை ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் வெள்ளைக் கரு சேர்வதற்கு 3 மணி நேரம்தான். ஓடு கட்டுவதற்கோ சுமார் 20 மணி நேரம்!

முதலில் வெள்ளைக் கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உண்டாகின்றன. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். வெளிச் சவ்வின் மேல் சின்னஞ்சிறு புள்ளிகள் முளைக்கின்றன. புள்ளிகளின் மேல் சுண்ணாம்பு படிந்து படிந்து தூண்களாக வளர்கிறது. தூணும் தூணும் நெருங்கி ஒட்டினால் சுவர் தயார். இடையில் விட்ட சந்துகளே காற்றுத் துவாரங்கள். ஒரு முட்டையில் சுமார் 10 ஆயிரம் துவாரங்கள் உண்டு. அடைகாக்கும்போது உள்ளே வளரும் குஞ்சுக்குக் காற்று வருவது இவற்றின் வழியாகத்தான். முட்டையின் ஈரம் வெளியேறுவதும் இவ்வழியே. பழைய முட்டை தண்ணீரில் மிதப்பது அதனால்தான்.

கடலில் ஒரு கொத்தனார்

கடலில் மிதக்கும் 'பொராமினிபெரா' என்ற ஒற்றைச் செல் உயிரும் இதே சரக்கில் வீடு கட்டுகிறது. உருவம் மணல் அளவுதான். மெல்லிய சவ்வை விரித்து, அதன் இருபுறமும் சுண்ணாம்பைப் படிய வைத்தால் ஓர் அறை. வளர வளர இன்னோர் அறை. புது அறை கட்டும்போதெல்லாம் பழைய அறைகளின் மேலும் ஒரு பூச்சு! கோழி ஓட்டை வெளியே தள்ளிவிடுகிறது; இந்த உயிரோ ஓட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது.

எலும்பில் கடன்

ஓர் ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் வேண்டும். வேலை நடப்பது பெரும்பாலும் இரவில். அப்போது கோழி தின்பதில்லை. வயிற்றில் இருப்பது போதாவிட்டால் தன் எலும்பில் இருந்தே எடுத்துக் கொடுக்கிறது, பாவம்! இதற்காகத்தான் தீனியில் கிளிஞ்சல் கலக்கிறார்கள். பொடியை விடக் குருணை நல்லது. குருணை மெதுவாகக் கரைந்து, இரவு முழுவதும் உதவும்.

வெயில் வந்தால்...

கோடையில் சேலம், நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு ஒரே கவலை. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைக்கும். அப்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. ஓடு கட்ட அந்த வாயுவும் தேவை. தீனியும் சரியாக இறங்காது. ஓடு மெலிகிறது, கீறல் முட்டை பெருகுகிறது. கீறல் முட்டைக்கு நல்ல விலை ஏது? கூரையில் தண்ணீர் தெளிப்பதும், குளிர்ந்த குடிநீர் வைப்பதும், வெயில் தாழ்ந்த பிறகு தீனி போடுவதும் இந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான்.