அறிந்தும் உரையாத நடிகன்

நாடக மேடையிலே தீயவனாக வருபவனை அவையோர் அவன் தோன்றிய அக்கணமே அறிந்துகொள்வர். நடையும் பார்வையும் உரத்த சிரிப்பும் அவனை இன்னானென்று காட்டிக்கொடுத்துவிடும். கதையிலுள்ள ஏனைய மாந்தர் ஏமாறலாம். கண்டிருக்கும் நாம் ஏமாறுவதில்லை. ஆனால், தான் ஏற்ற பாத்திரம் நல்லவனா தீயவனா என்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை எவருக்கும் உணர்த்தாது நடிக்கவேண்டும் என ஒரு நடிகன் பணிக்கப்படின், அவன் என் செய்வான்? முகத்திலே எதனை எழுதுவான்? எதனை அழிப்பான்?

இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது, 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'பேர்னிங்' என்னும் தென்கொரியத் திரைப்படம். 'எரிதல்' என்பது அப்பெயரின் பொருள். அதிலே பென் என்னும் இளஞ்செல்வனாக நடித்தவர் ஸ்டீவன் யூன். படம் வெளிவந்த பின்னர் அவரைப் பேட்டி கண்டோர் பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒன்றே: பென் அந்தப் பெண்ணைக் கொன்றானா, இல்லையா? நடிப்பதற்கு வேண்டிய முடிவைத் தாம் தமக்குள்ளே செய்துகொண்டதாகவும், அம்முடிவு யாதென்று எவருக்கும் சொல்லப்போவதில்லை என்றும் அவர் விடை தந்தார். இவ்விடையைக் கேட்டோர் சிலர் இதனை ஒரு விளம்பரத் தந்திரமெனக் கொண்டனர். எனக்கோ, நடிப்புக் கலையின் ஆழமான ஓர் உண்மை இதனுள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

படைத்தவரும் மூலமும்

இப்படத்தின் நெறியாளர் லீ சாங்-டொங். 1954இல் டேகு நகரிலே பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் தாய்மொழி கற்பித்தவர்; பின்னர் நாவலாசிரியராகப் பெயர் பெற்றவர்; நாற்பது வயதைக் கடந்த பின்னரே, 1997இல், தம் முதற்படத்தை வெளியிட்டார். 2003இலும் 2004இலும் அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தார். முதுமையிலே கவிதை எழுதக் கற்கும் ஒரு மூதாட்டியைப் பற்றிய அவருடைய படத்துக்கு, 2010ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவிலே சிறந்த திரைக்கதைக்கான பரிசு கிடைத்தது. அதன்பின் எட்டாண்டுகள் வாளாவிருந்து அவர் தந்த படமே 'பேர்னிங்'. வகுப்பறையிலே மொழி பயிற்றிய ஒருவர் இத்துணை உயர்ந்தார் என்பதறிந்து என்போன்ற ஆசிரியர்கள் சிறிது பெருமிதங்கொள்வது இயல்பே.

யப்பானிய எழுத்தாளர் ஹாருகி முரகாமி 1983இல் எழுதிய ஒரு சிறுகதையே படத்தின் மூலம். களஞ்சியக் கொட்டில்களுக்குத் தீ வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் ஒருவனைப் பற்றிய கதை அது. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் போக்னர் 1939இல் எழுதிய சிறுகதையொன்றும் அதே பெயருடையது. ஆயின் அங்கே தீ வைப்பவன் ஓர் ஏழைக் குடியானவன். அவன் தீ, வெகுளியின் தீ. முரகாமியின் கதையிலே தீ வைப்பவன் செல்வன். அவன் தீ, சலிப்பின் தீ. லீ சாங்-டொங் இவ்விரு தீயையும் ஒரே அடுப்பில் மூட்டினார். முரகாமியின் கதைசொல்லி வாழ்க்கையிலே நிலைபெற்ற எழுத்தாளன். படத்திலோ அவன் எழுதக் கனவு காணும் ஏழை இளைஞனாகிவிட்டான். இந்த மாற்றத்தினாலேயே கதைக்கு உயிர் வந்தது.

கதைச் சுருக்கம்

ஜொங்-சு கூலிக்குச் சாமான் கொண்டுசென்று கொடுப்பவன். வடகொரிய எல்லைக்கு அணித்தான பாஜு என்னும் இடத்திலே அவனுடைய வீடு. எல்லைக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கி முழங்கும் பிரசாரம் அங்கே காதில் விழுந்துகொண்டேயிருக்கும். அதிகாரி ஒருவரைத் தாக்கிய குற்றத்துக்காகத் தந்தை நீதிமன்றத்திலே நிற்கிறார். ஒருநாள், இளமையில் அயல்வீட்டிலிருந்த ஹே-மி என்னும் பெண்ணைத் தெருவிலே சந்திக்கிறான். கடை வாயிலில் ஆடிப்பாடி வாடிக்கையாளரை அழைப்பது அவள் தொழில். அங்கே குலுக்கலில் விழுந்த இளஞ்சிவப்பு நிறக் கைக்கடிகாரம் ஒன்றை அவளுக்கே கொடுத்துவிடுகிறான்.

அவள் ஊமைநடிப்புப் பயில்பவள். இல்லாத தோடம்பழம் ஒன்றை உரித்துச் சுளை சுளையாகத் தின்று காட்டுகிறாள். பழம் இருப்பதாக எண்ணிக்கொள்வதன்று, அது இல்லை என்பதை மறந்துவிடுவதே இவ்வித்தையின் சூட்சுமம் என அவள் விளக்குகிறாள். படம் முழுவதற்கும் இதுவே திறவுகோல். அவள் ஆபிரிக்கா செல்கிறாள். திரும்பும்போது பென்னை உடன் அழைத்து வருகிறாள். அவனிடம் போர்ஷே மோட்டார்வண்டியும் சியோல் நகரின் செல்வர் பகுதியிலே அழகிய மாடிமனையும் உண்டு. தொழில் யாதெனக் கேட்டால் 'விளையாட்டு' என்கிறான்.

ஒருநாள் மாலை ஜொங்-சுவின் வீட்டு முற்றத்திலே மூவரும் கஞ்சா புகைத்திருக்கின்றனர். அந்திச் செவ்வானத்தின் முன்னே ஹே-மி ஆடுகிறாள். அவள் உறங்கிய பின்னர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கைவிடப்பட்ட பசுமைக்கூடம் ஒன்றை எரிப்பது தன் வழக்கமென்றும், அடுத்து எரிக்கவிருப்பது மிக அணித்தே உள்ளதென்றும் பென் சொல்கிறான். சில நாளில் ஹே-மி மறைந்துவிடுகிறாள். ஜொங்-சு அயலிலுள்ள பசுமைக்கூடங்களை நாள்தோறும் ஓடி ஓடிப் பார்க்கிறான், ஒன்றும் எரியவில்லை.

சலியாத முகம்

இனி ஸ்டீவன் யூனின் நடிப்புக்கு வருவோம். அவர் 1983இல் சியோலிலே பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் வட அமெரிக்கா சென்று, மிச்சிகன் மாநிலத்திலே வளர்ந்தவர். 2010 முதல் 2016 வரை ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலே நல்லுள்ளம் படைத்த இளைஞனாகத் தோன்றி உலகறிந்தவரானார். அந்த நல்ல முகத்தையே லீ சாங்-டொங் இங்கே வேறொரு பயனுக்குக் கொண்டார். பென் பேசுவது கொரிய மொழியே. பெயர் மட்டும் அந்நியம். பொருள் எவ்வாறு வந்தது, சுற்றத்தார் எத்தகையர் என்பன நமக்குச் சொல்லப்படுவதில்லை. இரு நாடுகளுக்கிடையே வளர்ந்த நடிகரின் வாழ்வு, வேரில்லாத இப்பாத்திரத்துக்கு வாய்ப்பாக அமைந்தது.

அவருடைய நடிப்பிலே உரத்த செயல் ஒன்றுமில்லை. கோபமில்லை, குரல் உயர்வதில்லை. விருந்தினரை அன்போடு உபசரிக்கிறான். தானே சமைத்துப் பரிமாறுகிறான். தனக்குக் கண்ணீர் வந்ததாக நினைவில்லை என்கிறான். நண்பர் நடுவே ஹே-மி ஆபிரிக்க நடனமொன்றை ஆடிக்காட்ட, பென் கொட்டாவி விடுகிறான். ஜொங்-சு பார்ப்பதை உணர்ந்ததும் புன்முறுவல் பூக்கிறான். ஹே-மி மறைந்த பின்னர் வேறொருத்தி அதே கூட்டத்திலே பேசும்போதும் அதே கொட்டாவி, அதே புன்முறுவல். இவ்வளவே. இது கொலைஞனின் குறியா? செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொதுக் குறியா? இரண்டுக்கும் அந்தக் கொட்டாவி ஒத்து நிற்கிறது. மெய்ப்பாடு எட்டெனத் தொல்காப்பியர் வகுத்தார். உள்ளத்தில் நிகழ்வது உடலிலே புலப்படுதல் அதன் இலக்கணம். உள்ளத்தில் ஒன்றும் நிகழாதவனுக்கு மெய்ப்பாடு யாது என்ற வினாவுக்கு யூன் தந்த விடை அந்தக் கொட்டாவி எனலாம்.

நடிகர் தமக்குள்ளே ஒரு முடிவு செய்துகொண்டதன் பயன் இங்கே விளங்கும். இரண்டு பொருளுக்கும் நடுவே நிற்க முயலும் நடிகனுடைய முகம் வெறும் பலகையாகிவிடும். அவன் ஐயத்தை நடிக்கிறான், ஆளை நடிக்கவில்லை. யூன் அவ்வாறு செய்யவில்லை. பென்னுக்குத் தன்னைப் பற்றி ஐயமில்லை, ஐயம் நமக்கே. அவனது ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே உறுதியான ஓர் உண்மை இருப்பதை உணர்கிறோம். அது யாதென்று மாத்திரம் காண்கிலோம். பூட்டிய பெட்டிக்கும் வெறும் பெட்டிக்கும் எடையிலே வேறுபாடு உண்டன்றோ? இந்நடிப்புக்காக லொஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர் சங்கம் 2018ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகர் பரிசை அவருக்கு வழங்கியது.

உள்ளுறையும் உரையும்

படத்திலே ஓரிடத்தில் பென் தன் சமையலைப் படையலோடு ஒப்பிட்டு, அஃது ஓர் உருவகம் என்கிறான். உருவகம் என்றால் என்ன என ஹே-மி கேட்க, எழுத்தாளனாகிய ஜொங்-சுவைக் கேள் என்று நகைக்கிறான். இக்காட்சியை விளையாட்டாகக் கடந்துபோகலாகாது. நம் அகப்பாட்டு மரபிலே உள்ளுறை உவமம் என ஒன்றுண்டு. புலவன் கருப்பொருளை மட்டுமே சொல்லுவான். அதனாற் பெறப்படும் பொருளை வாய்விட்டுச் சொல்லான். பென் சொன்ன பசுமைக்கூடமும் அத்தகையதே என ஜொங்-சு கொள்கிறான். கைவிடப்பட்ட கூடம் என்றது கேட்பாரற்ற பெண்ணை. எரித்தல் என்றது கொலையை. அயலில் ஒரு கூடமும் எரியவில்லை. ஆயின் எரிந்தது வேறொன்று என்பது அவன் துணிபு.

இத்துணிபுக்குச் சான்றுகளும் உள. பென்னின் குளியலறை இழுப்பறையிலே பெண்களின் அணிகலன்கள் கிடக்கின்றன. அவற்றிடையே ஓர் இளஞ்சிவப்புக் கைக்கடிகாரம். அவன் வீட்டிலே புதிதாக ஒரு பூனை. ஹே-மியின் பூனையின் பெயரைச் சொல்லி அழைத்ததும் அது வந்துவிடுகிறது. எனினும் அந்தக் கடிகாரம் குலுக்கலிலே வழங்கப்பட்ட மலிவுப் பொருள். ஒன்றுபோலப் பல இருக்கலாம். ஹே-மியின் வீட்டிலே ஜொங்-சு ஒருபோதும் பூனையைக் கண்டதில்லை. இளமையில் தான் ஒரு கிணற்றில் விழுந்ததாக அவள் சொன்னாள். அங்கே கிணறே இருந்ததில்லை என்கின்றனர் அவள் வீட்டார். இருந்தது என்கிறாள் ஜொங்-சுவின் தாய். சான்று ஒவ்வொன்றும் இருபுறமும் சாய்கிறது.

உள்ளுறை காணும் கேள்வனுக்கு மரபு துணைநிற்கும். திணையும் துறையும் அவனை வழிதவறாது காக்கும். ஜொங்-சுவுக்கு அத்துணை இல்லை. அவனிடம் இருப்பது காதலும் பொறாமையும் ஏழ்மையின் வெகுளியுமே. இறுதியிலே, ஹே-மி தன்னுடன் இருப்பதாகச் சொல்லிப் பென்னை வெளியான ஓரிடத்துக்கு வரவழைத்து, கத்தியாற் குத்தி, வண்டியோடு எரித்துவிடுகிறான். மொழியையும் பொருளையும் ஆராய்ந்து பிழைப்பு நடத்தும் எனக்கு இக்காட்சி பெரும் நடுக்கத்தைத் தருகிறது. செய்யுளுக்கு உரை கண்டவன் பிழைத்தால் செய்யுள் சாவதில்லை. அடுத்த உரைகாரன் வந்து திருத்திக்கொள்வான். ஒரு மனிதனுக்கு உரை கண்டு, அவ்வுரையை நம்பிக் கத்தியெடுத்தவனுக்குத் திருத்தம் ஏது?

அக்காட்சியிலே யூன் செய்வதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வண்டியை விட்டிறங்கிய பென், ஹே-மி எங்கே என்று கேட்கிறான். கொன்றவன் இவ்வாறு கேட்பானா? வஞ்சகனாயின் கேட்பான்; குற்றமற்றவனாயினும் கேட்பான். குத்துண்டவன் தன்னைக் குத்தியவனையே தழுவிக்கொள்கிறான். தாங்குதல் வேண்டிப் பற்றினானா? நெடுநாள் எதிர்பார்த்த ஏதோவொன்று வந்துற்றதென ஏற்றுக்கொண்டானா? நடிகர் விடையை அறிவார். முகம் அதனைச் சொல்லவில்லை. இக்கொலைதானும் நிகழ்ந்ததா, அல்லது ஹே-மியின் அறையிலிருந்து ஜொங்-சு எழுதும் கதையின் பகுதியா என்ற ஐயத்தையும் நெறியாளர் நம்மிடம் விட்டுச் செல்கிறார்.

மறக்கப்படுபவள்

முடிவு கூறாத கதை கதையாகுமா, இது பார்ப்போரை ஏய்ப்பதன்றோ எனச் சிலர் வினவலாம். முடிவை அறியாது விழிக்கும் ஆசிரியன் எழுதிய கதைக்கு அக்குற்றம் பொருந்தும். இங்கோ ஐயமே பொருள். ஐயத்தை நீக்கிவிட்டால் இது வெறுந் துப்பறியும் கதையாகிவிடும்: பென் கொலைஞன் எனத் தெளிந்தால் ஜொங்-சு வீரனாவான், அல்லன் எனத் தெளிந்தால் ஜொங்-சு பித்தனாவான். இரண்டிலும் நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

அந்த நிம்மதியிலே மறைந்துபோவது ஹே-மி. ஜொன் ஜொங்-சொ என்னும் புதுமுக நடிகை தம் முதற்படத்திலேயே அவளுக்கு உயிர் கொடுத்துள்ளார். கடன்பட்டவள், வீட்டாரோடு ஒட்டும் உறவும் அற்றவள், அவள் காணாமற்போனதை எவரும் ஒரு செய்தியாகக் கொள்ளவில்லை. பென் கொன்றானா என்று நாம் வழக்காடும்போதும், நம் பேச்செல்லாம் பென்னைப் பற்றியதே; அவளைப் பற்றியதன்று. பசுமைக்கூடம் எரிந்தால் காவலரும் பொருட்படுத்தார் என அவன் சொன்ன சொல்லை, நாமே மெய்ப்பித்தவர்களாகிறோம்.

ஆகலின் நடிகரின் மௌனம் நியாயமானது என்பதே என் துணிபு. அவர் வாய் திறந்து ஆமெனினும் அன்றெனினும் வழக்கு முடிந்துவிடும், ஏடு மூடப்பட்டுவிடும். அவர் சொல்லாதிருக்குமட்டும் வழக்கு நம் முன்னே கிடக்கும். அந்தப் பெண் எங்கே என்ற வினாவும் உடன் கிடக்கும். விடையை அறிந்துவைத்துக்கொண்டே அதனைச் சொல்லாதிருத்தல் எளிதன்று. அந்தக் காவலும் நடிப்பின் ஒரு பகுதியே.