முகம் எழுதுதல் – 9: எதிரே ஓர் ஆள்

ஓவிய வணிகர் வொலாரை 115 முறை உட்கார வைத்தும் செஸான் அவர் படத்தை முடிக்காமலே விட்டார் என்று சென்ற வாரம் பார்த்தோம். இவ்வளவு பாடு எதற்கு, ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரைந்தால் ஆகாதா என்று தோன்றுவது இயல்பு. நம் அலுவலகச் சுவர்களில் தொங்கும் தலைவர்களின் எண்ணெய் ஓவியங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். மூக்கு, மீசை, மேல்துண்டு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். ஆளை எதிரே வைத்துக்கொண்டு வரைபவருக்கு வேண்டியது வேறு ஏதோ. அந்த வேறு ஏதோவுக்காக வாழ்நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்தும் படுக்க வைத்தும் வாட்டியவர் லூசியன் ஃப்ராய்டு.

1922இல் பெர்லினில் பிறந்தவர். மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்டின் பேரன். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. 2011இல் இறக்கும்வரை அவர் ஊர் அதுதான். இளமையில் அவர் வரைந்த படங்கள் வேறு ரகம். நாற்காலியில் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால், கண்ணிமை மயிரைக்கூட ஒவ்வொன்றாக இழுத்த படங்கள். ‘வெள்ளை நாயுடன் பெண்’ (1950–51) அந்தக் காலத்தது. எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் கை பழகிவிட்டது என்பதே அவருக்கு உறுத்தலாக இருந்திருக்க வேண்டும். 1954க்குப் பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்து வரையவே இல்லை. மென்மயிர்த் தூரிகையும் போய், முரட்டுப் பன்றிமயிர்த் தூரிகை வந்தது. அதை வைத்துக்கொண்டு இமைமயிரை வரைய முடியாது. சதையைத்தான் வரைய முடியும்.

அவர் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வெள்ளைக் கித்தானில் முதலில் கரித்துண்டால் தோராயமாகக் கோடுகள். பிறகு முகத்தின் நடுவில், நெற்றியிலோ மூக்கின் மேலோ ஓரிடத்தில் வண்ணம் விழும். அங்கிருந்து வெளிநோக்கிப் படம் பரவும். ஒரு கன்னம் முடிந்திருக்கும்போது மறு கன்னம் வெறும் கித்தானாகக் கிடக்கும், வாரக்கணக்கில். படம் முழுவதையும் மங்கலாகப் போட்டுவிட்டுப் படிப்படியாகத் திருத்துவதுதான் ஓவியப் பள்ளிகள் சொல்லித்தரும் முறை. அதை அவர் சட்டை செய்யவில்லை.

தோலுக்கென்று ஒரு கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு வாரிப் பூசும் வழக்கமும் அவரிடம் கிடையாது. ஒவ்வொரு தீற்றலுக்கும் புதிதாகக் கலப்பார். தீற்றியதும் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி கலப்பார். துடைத்த துணிகள் ஸ்டூடியோவில் மலையாகக் குவிந்தன. 1988–89இல் அந்தக் குவியலையே பின்னணியாக்கி, அதில் சாய்ந்து நிற்கும் பெண் ஒருத்தியை வரைந்தார். ‘கந்தல்களின் அருகே நிற்பவள்’ இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாட்களில் தோலுக்கு அவர் பயன்படுத்தியது க்ரெம்னிட்ஸ் வெள்ளை. ஈயம் மிகுந்த, எண்ணெய் குறைந்த, கனத்த வண்ணம் அது. திரும்பத் திரும்பப் பூசினால் மணல்மணலாகத் திரளும். அவருடைய பிற்காலப் படங்களில் முழங்காலிலும் நெற்றியிலும் தெரியும் அந்தச் சொரசொரப்பு இதனால் வந்தது.

இப்படி வேலை செய்தால் ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் தொடங்கிய படத்துக்குப் பகலில் மட்டும்தான் அமர்வு. விளக்கொளியில் தொடங்கியதற்கு இரவில் மட்டும். இரண்டையும் கலக்க மாட்டார். 2007இல் முடித்த ஒரு படத்துக்காக ஓர் இளம்பெண் 16 மாதங்கள், ஏறக்குறைய எல்லா மாலைகளிலும், வந்து படுத்திருந்தார். தரைப் பலகையையோ கட்டில் காலையோ வரையும்போதுகூட அவர் எழுந்து போக முடியாது. மாடல் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்பது ஃப்ராய்டின் விதி. ஆள் இருக்கும் அறையும் இல்லாத அறையும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி.

கொடுங்கோன்மைதான், பாதியாவது. மறுபாதியில் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். முகம் வரைபவனுக்குப் பெரிய எதிரி அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த மூக்கு. ஆயிரம் மூக்கு வரைந்த கை, ஆயிரத்தொன்றாவதைப் பார்க்காமலே வரைந்துவிடும். புகைப்படம் அந்தக் கையை ஒருபோதும் எதிர்த்துப் பேசாது. எதிரே இருக்கும் ஆள் விடமாட்டார். அவருக்குக் கழுத்து வலிக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் முகம் சிவந்திருக்கும். நேற்றுப் பூசிய நிறம் இன்று பொய்யாகிவிடும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால், பொய்யானதைச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கவும் இடம் கொடுக்கும். ஆக, மாடலின் வேலை அசையாமல் இருப்பதல்ல. ஓவியனின் தெரிந்ததனத்தைக் கெடுத்துக்கொண்டே இருப்பது.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஓர் உதாரணம் அவருடைய அம்மா. சிறுவயதிலிருந்தே லூசி ஃப்ராய்டுக்கு இந்த மகன்மீது அளவுகடந்த பிரியம். அந்தக் கவனிப்பே மகனுக்கு மூச்சுமுட்டியது. ஒதுங்கியே இருந்தார். 1970இல் அப்பா இறந்ததும் அம்மா உயிரை விடத் துணிந்தார். பிழைத்தாலும் எதிலும் நாட்டம் இல்லாதவராகிவிட்டார், மகன்மீதும்தான். அதன் பிறகே அவரை வரைய முடிந்தது. 1972 முதல் பல ஆண்டுகள் காலையில் அழைத்துவந்து, சிற்றுண்டி வாங்கிக்கொடுத்து, உட்கார வைத்து வரைந்தார். அமர்வுகள் ஆயிரத்தைத் தாண்டின என்பார்கள். பாசமா, சுயநலமா என்று கேட்டால் எனக்கு இரண்டும் பிரித்துச் சொல்ல வரவில்லை. படங்களில் அந்த அம்மாள் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்மைப் பார்ப்பதே இல்லை.

ராணிக்கும் சலுகை கிடையாது, அளவில் தவிர. இரண்டாம் எலிசபெத்தின் படம் 23.5 சென்டிமீட்டர் உயரம், ஒரு நாவலின் அட்டை அளவு. 2000, 2001 இரண்டு ஆண்டுகளிலும் அமர்வுகள் நடந்தன. பாதி வேலையில் வைரக் கிரீடத்தையும் சேர்க்கலாம் என்று தோன்றியதும், கித்தானின் மேல்பக்கத்தில் ஒட்டுப்போட்டு நீட்டினார். படம் வெளியானதும் பத்திரிகைகள் சில கொதித்தன. அந்த முகத்தில் தெரிவது அரச பீடமல்ல, கனத்த ஒன்றைத் தலையில் சுமந்தபடி உட்கார்ந்திருக்கும் எழுபத்தைந்து வயது அம்மாளின் கழுத்து.

சக ஓவியர் டேவிட் ஹாக்னி 2002இல் நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். காலையில் ஹாலண்ட் பூங்கா வழியே நடந்துபோய், அரட்டை அடித்தபடி அமர்ந்திருப்பார். சிகரெட்டுக்கு அனுமதி உண்டு. பதிலுக்கு ஹாக்னிக்காக ஃப்ராய்டு உட்கார்ந்தது சில மணி நேரம்தான். மற்றவர்களை வாட்டும் கலையில் தானே அகப்பட அவர் விரும்பவில்லை போலும்.

வராதவர்களுக்கு என்ன நேரும்? மாடல் அழகி ஜெர்ரி ஹால் தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் நிலையில் ஒரு பெரிய படத்துக்கு அமர்ந்துகொண்டிருந்தார். சில அமர்வுகளுக்கு வர முடியாமல் போனது. ஃப்ராய்டு காத்திருக்கவில்லை. அன்றாடம் தவறாமல் வந்துகொண்டிருந்த உதவியாளர் டேவிட் டாசனை அந்த இடத்தில் உட்காரச் சொல்லி, அம்மாவை அழித்துவிட்டு அவர் தலையை வரைந்தார். 1998இல் படம் முடிந்தது. அதில் ஓர் ஆண் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். குழந்தையை மட்டும் மாற்றவில்லை.

(தொடரும்)