பி.ஏ. அரசியல் அறிவியல்: என்ன விலை, என்ன மதிப்பு?

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் கம்பத்தில் இருந்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். பந்தலுக்குக் கல்லுக்கால் ஊன்றுவதற்கு முன்பே எத்தனை வெட்டில் முதல் திரும்பும் என்று கணக்குப் பார்க்கிற ஆள். அவர் கேட்டார்: "மச்சான், பாப்பா அரசியல் அறிவியல் படிக்கணும்ங்குது. என்ன செலவாகும், படிச்சா என்ன வரும்? நீங்க கம்ப்யூட்டர்ல ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க."

அன்றைக்கு ராத்திரியே எக்செல் திறந்தேன். முதலில் போட்ட கணக்கு தப்பு. எங்கே தப்பு என்று எழுதி வைத்தால் இதே கேள்வியோடு இருக்கிற வேறு வீடுகளுக்கும் உதவும் என்பதால் இந்தக் குறிப்பு.

கட்டணம்தான் இருப்பதிலேயே சின்ன எண்

எல்லாரையும் போல நானும் கல்லூரிக் கட்டணத்தைத்தான் முதல் வரிசையில் போட்டேன். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று கொஞ்சம்தான் வரும். இக்னோ மாதிரி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம். மறு கோடியில் வடக்கே அசோகா மாதிரி தனியார் பல்கலைக்கழகத்தில் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும். டெல்லி ஜே.என்.யு.வில் எம்.ஏ. அரசியல் அறிவியலுக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். ஒரே பாடத்துக்கு இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் கம்பத்துப் பிள்ளைக்கு உண்மையான செலவு தூரம். நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் பி.காம்., கம்ப்யூட்டர், ஆங்கிலம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். அரசியல் அறிவியல் வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளியூர் போக வேண்டும். கம்பத்திலிருந்து மதுரைக்கே 110 கிலோமீட்டருக்கு மேல். தினம் பஸ்ஸில் போய்வர முடியாது.

சென்னை விடுதிக்கு மாசம் 7,000 ரூபாய், வருசத்துக்கு 10 மாசம் என்று வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு இது (மூன்றாண்டுக்கு):

- அரசுக் கல்லூரி, வெளி விடுதி: 2,10,000
- கட்டணம் ஆண்டுக்கு 40,000 வாங்கும் கல்லூரி, வெளி விடுதி: 3,30,000
- அரசுக் கல்லூரி, அரசு நல விடுதி: தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்; புத்தகம், பஸ், தேர்வுக் கட்டணம் மட்டும்

ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று இருந்த விடுதிகளுக்கு 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். வருமான வரம்புக்குள் இருந்து அதில் ஒரு இடம் கிடைத்தால் 2 லட்சம் மிச்சம். கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம், இந்த விடுதி விண்ணப்பத்தை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது புதுமைப் பெண் திட்டம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய். 36 மாசத்துக்கு 36,000. பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் இந்தப் பணம் வராது. அதனால் விலை குறைவு என்று நான் நினைத்த தபால் வழிப் பட்டம், விடுதி கிடைத்த அரசுக் கல்லூரியைவிடக் கூடுதல் விலையில் போய் நின்றது. முதல் கணக்கில் நான் கோட்டை விட்டது இங்கேதான்.

இன்னொரு வரிசையும் உண்டு. இந்த மூன்று வருசம் பிள்ளை தேனியில் ஒரு கடையில் 9,000 சம்பளத்துக்குப் போயிருந்தால் 3,24,000 வந்திருக்கும். படிப்பு எதுவானாலும் இந்த இழப்பு உண்டு. ஆனால் அதைக் கணக்கில் எழுதினால்தான் மூன்று வருசத்தைச் சும்மா கழிக்கக் கூடாது என்பது உறைக்கும்.

சம்பள எண்ணை நம்பலாமா?

கல்லூரிகள் விளம்பரத்தில் போடுகிற சம்பளத்தை விடுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கிற தரவு பொதுவில் இருக்கிறது. அதிலும் ரெண்டு சிக்கல். ஒன்று, மூன்றாண்டு இளநிலைப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். கம்ப்யூட்டர் படித்தவரும் அரசியல் அறிவியல் படித்தவரும் ஒரே மூட்டையில். ரெண்டு, அது வேலை கிடைத்தவர்களின் நடு எண். 200 பேரில் 40 பேருக்கு வேலை கிடைத்திருந்தால் அந்த 40 பேரை வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரின் சம்பளம். மீதி 160 பேர் அதில் வரவே மாட்டார்கள். அமெரிக்காவில் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசுத் தளத்தில் ஒரே கல்லூரியிலேயே பாடவாரியாகச் சம்பளம் பார்க்கலாம். இங்கே அப்படி இல்லை. அதனால் மாப்ளைக்கு என்னால் சம்பள எண் எதுவும் கொடுக்க முடியவில்லை. இந்தப் பட்டம் எந்தெந்தக் கதவைத் திறக்கும் என்று மட்டும் எழுதினேன்.

கதவுகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2-க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அரசியல் அறிவியலுக்கென்று தனிச் சலுகை இல்லை. பாடத்திட்டத்தில் இந்திய ஆட்சியியல் ஒரு பகுதி, அந்த அளவுக்கு லாபம். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வு, நேர்காணல் மொத்தம் 2025 மதிப்பெண். விருப்பப் பாடம் 500, அரசமைப்பு, நிர்வாகம், வெளியுறவு வருகிற பொதுத்தாள் 250. ஆக 750, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆனால் பல லட்சம் பேர் விண்ணப்பித்து ஏறத்தாழ ஆயிரம் பேர் தேர்வாகிற இடம் அது. அதை வரவில் எழுதக் கூடாது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டப்படி உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியாக இருக்க வேண்டும். பாப்பா இதுவரை முழுக்கத் தமிழ்வழி. கௌரவத்துக்காக ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்த்தால், பட்டம் கேட்கிற வேலைகளுக்கு இது போய்விடும்.

ஆசிரியர் வேலைக்கு முதுகலையும் பி.எட்.டும் வேண்டும், பணியிடமும் வரலாறு, வணிகவியலைவிட மிகக் குறைவு. எனக்கு உருப்படியாகத் தெரிந்த கதவு சட்டம். பி.ஏ. மூன்று வருசம், பிறகு எல்.எல்.பி. மூன்று வருசம், மொத்தம் ஆறு. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி.யில் அரசியல் அறிவியல் தாள்களும் உண்டு, ஒரு வருசம் மிச்சம். தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

கணக்கில் ஏறாதது

இதையெல்லாம் காட்டிவிட்டு மருமகளைக் கேட்டேன், "ஏன் பாப்பா இந்தப் பாடம்?" அவள் திருப்பிக் கேட்டாள்: "1886-ல பெரியாறு ஒப்பந்தம் போட்டது திருவிதாங்கூர் மகாராஜாவும் வெள்ளக்காரனும். அந்த ரெண்டு அரசாங்கமும் இப்ப இல்ல. அப்புறம் எப்படி மாமா 999 வருசக் குத்தகை இன்னும் செல்லுது?"

நாற்பது வருசமாக அந்தத் தண்ணீர் குடித்தவன் நான். 2011-ல் குமுளி எல்லைக்குச் சனம் திரண்டு போனதைப் பார்த்தவன். ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதி செய்தபோது, இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறது: அந்த ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்குத் தொடர்கிறது என்று. அந்த வழக்கில் நம் பக்கம் நின்று வாதாட ஆள் தேவைப்பட்டது. அடுத்த வழக்குக்கும் தேவைப்படும். இதை எக்செல்லில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் எழுதிக் கொடுத்தது இதுதான்: விடுதி இடம் கிடைக்கிற அரசுக் கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. முதல் விருப்பம். ஐந்தாண்டு சட்டம் ரெண்டாவது. அதற்கும் இப்போதே விண்ணப்பம் போட வேண்டும். ரெண்டும் இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம், பிறகு சட்டமோ எம்.ஏ.வோ. கடன் வாங்கிச் சென்னைத் தனியார் கல்லூரி வேண்டாம். மிச்சமாகிற பணத்தில் ஆங்கிலத்துக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்க வேண்டும்.

மாப்ள தாளை ரெண்டு தடவை படித்தார். "விடுதி ஃபாரம் எங்க வாங்கணும் மச்சான்?" என்றார். மறுநாள் காலையில் மூணு பேரும் தேனி கலெக்டர் ஆபீஸ் பஸ் ஏறினோம். தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை.